ஜாமெட்ரி வகுப்பில் என் அண்ணன்

என் அண்ணன் வென்டல் போர் முடிந்து இத்தாலியிலிருந்து வந்து இறங்கியபோது ஹேகன் கிரீக் ஊரே ரயிலடியில் நின்றது. நானும் கையில் கொடியோடு முன்வரிசையில் நின்று, தொண்டை கட்டும்வரை கத்தினேன். அடுத்த செப்டம்பரில் அதே வென்டல் என் ஜாமெட்ரி வகுப்புக்குள் நுழைந்தான். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது.

பள்ளியை முடிக்காமலே பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு ஓடியவன் அவன். விவசாயக் கல்லூரியில் போர்வீரர்களுக்கு அரசாங்கமே செலவு செய்து இடம் கொடுத்தது. ஆனால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றது. வேறு ஊர்களில் ஒரு பரீட்சை வைத்துச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் ஆஸ்ட்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"லாரி ஓட்டினா முக்கோணம் தானா மண்டைக்குள்ள ஏறிடுமா தம்பி?" என்று கேட்டார்.

வென்டல் ராணுவத்தில் லாரிதான் ஓட்டினான். அதை அவன் யாரிடமும் மறைக்கவில்லை. அவனுக்கு இரண்டு பாடங்கள் பாக்கி இருந்தன. ஒன்று ஜாமெட்ரி. மற்றொன்று கலைப் பாடம். ஓவியமோ இசையோ, இரண்டில் ஒன்று. இசைக்குத் தன் குரல் உதவாது என்று ஓவியத்தில் பெயர் கொடுத்தான்.

ஜாமெட்ரி எடுத்தவர் மிஸ் க்வாம். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்; மீதிப் பேரை ஃபெயிலாக்கியவர். வென்டல் மீதிப் பேரைச் சேர்ந்தவன். அவன் வாசலில் வந்து நின்றதும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நைகார்ட், லேட்டு."

"இன்னும் மணி அடிக்கலையே, மிஸ்."

"இன்னிக்கு லேட்டுன்னு யாரு சொன்னா? நாலு வருஷம் லேட்டு. போய் உன் இடத்துல உக்காரு."

அவன் இடம் என்றால் ஜன்னலோரம், எனக்குப் பின்னால். இருக்கையும் மேசையும் ஒன்றாகச் சேர்ந்த சின்ன மரச்சாமான் அது. ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்த வென்டல் அதற்குள் தன்னைத் திணித்துக்கொண்டான். கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தபோது மேசையும் அவனோடு சேர்ந்தே எழுந்தது. வகுப்பே சிரித்தது. நான் மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வண்டியில் ஏறியதும் சொன்னேன். "நாளையிலிருந்து நீ யாரோ, நான் யாரோ."

"ஒரே வண்டியில தானேடி வரோம்?"

"வண்டியில அண்ணன். பள்ளிக்கூடத்துல உன்னை நான் பார்த்ததே கிடையாது."

"சரி. வீட்டுக் கணக்கை மட்டும் ராத்திரி காமிச்சுடு, யாரோ."

இரண்டாம் வாரமே அம்மாவைப் பள்ளிக்கு வரச்சொல்லிவிட்டார்கள். விடியுமுன் மாடுகளுக்குப் பால் கறந்துவிட்டு வருகிறவன், முக்கோணங்களுக்கு நடுவே குறட்டை விட்டிருந்தான். தேவாலயத்துக்கு மட்டும் போடும் தொப்பியை அம்மா போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசைமேல் ஓசையோடு வைத்தாள்.

"இருபத்திரண்டு வயசுடா உனக்கு. சார்ஜென்ட்டா இருந்தவன். உன்னால அந்தச் சின்னப் பெஞ்சுல, மூக்கு ஒழுகற பசங்களோட உக்காந்து காத்திருந்துட்டு வரேன்."

"அவன் பாடு மாட்டோட. மாட்டுக்கு எதுக்கு ஜாமெட்ரி?" என்றார் அப்பா.

"நீங்க வாயைத் திறக்காதீங்க. உங்க பிள்ளைதானே."

அப்பா வாயைத் திறந்தார், கிழங்கை வைப்பதற்கு மட்டும்.

நானும் இருந்த ஓவிய வகுப்பில் சங்கடம் வேறு மாதிரி. அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்த ஓவிய ஆசிரியை ஜெனீவா லுண்ட், வென்டலோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவன் போருக்குப் போன வருடம் அவள் ஆசிரியர் கல்லூரிக்குப் போனாள். ஏழாம் வகுப்பில் அவளைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, நேராக எங்கள் கோழிக்கூண்டில் கொண்டுபோய் மோதியவன் வென்டல். அதற்குப் பிறகு அவள் அவனோடு அதிகம் பேசியதில்லை.

முதல் நாள் பெயர் வாசித்தாள். "வென்டல் நைகார்ட்."

"சொல்லு ஜெனி."

வகுப்பு கொல்லென்றது. அவள் முகம் காதுவரை சிவந்தது. "மிஸ் லுண்ட்," என்றாள்.

"சரிங்க மிஸ் லுண்ட். இங்கதான் இருக்கேன்."

அவனுக்குப் படம் வரைய வரவே வராது. பிறந்ததிலிருந்து மாடுகளுக்கு நடுவே வளர்ந்தவனை, தெரிந்ததையே வரையட்டும் என்று ஒரு பசுவை வரையச் சொன்னாள். அரை மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தான்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"பசு."

"எனக்குச் சோபா மாதிரி தெரியுது."

"படுத்திருக்கற பசு, மிஸ்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

கடைசியில் வரையச் சொல்வதைவிட அவனை வரைவதே மேல் என்று தீர்மானித்தாள். அவன் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்காருவான், நாங்கள் வரைவோம். அசையாமல் உட்காரும் வேலையை ராணுவம் அவனுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த இலையுதிர் காலம் முழுக்கப் பள்ளித் தாழ்வாரத்தில் என் அண்ணனின் முகங்கள் தொங்கின. ஒன்றில் காது தோள்வரை இருந்தது. இன்னொன்றில் காதே இல்லை. பெண்கள் அவற்றின் முன் நின்று பெருமூச்சு விட்டார்கள். நான் பின்பக்கப் படியேறிப் போய்வந்தேன்.

காது எப்படி வரைவது என்று காட்ட ஒருநாள் மிஸ் லுண்டே வரையும் கரித்துண்டை எடுத்தாள். ஒரு காதுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மணி அடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் வரைந்துகொண்டிருந்தாள். அவனும் ஸ்டூலைவிட்டு எழவில்லை.

நவம்பரில் ஒரு மழை நாளில் அவளை அவள் தங்கியிருந்த வீடுவரை வண்டியில் கொண்டுபோய் விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அது வேறு மாதிரி வளர்ந்து அம்மாவின் காதுக்கு வந்தது. அடுத்த வாரம் பள்ளிக் குழு கூடியது. வெண்ணெய் ஆலை முதலாளி கார்ல் ரூட் அதன் தலைவர். இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று பழைய விதிகளை எல்லாம் புரட்டினார்கள். ஆசிரியை மதுக்கடைக்குப் போகக் கூடாது, கோடையில் காலுறை இல்லாமல் வரக் கூடாது என்றெல்லாம் இருந்தது. மாணவன் ஆசிரியை வயதில் இருப்பான் என்று மட்டும் யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஆகவே புதிதாக ஒன்று எழுதினார்கள்: எந்த ஆசிரியையும் தன் வகுப்பில் படிக்கும் மாணவனோடு வெளியில் பழகக் கூடாது.

ஜெனீவா அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னாள். பத்துப் பேருக்குக் கேட்கும்படி, அவனுடைய படங்களுக்கு நடுவில் நின்றே சொன்னாள்.

"எனக்கு இந்த வேலை வேணும் வென்டல். ஜூன் வரைக்கும் நீ எனக்கு ஒரு மாணவன், அவ்வளவுதான்."

அரையாண்டு மதிப்பெண் வந்தது. ஓவியத்தில் அவனை ஃபெயிலாக்கியிருந்தாள். பாஸ் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அல்ல; அந்தப் பசுவை நான் பார்த்திருக்கிறேன். வென்டலுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவனோ மதிப்பெண் அட்டையைச் சமையலறை விளக்குக்குக் கீழே வைத்துச் சிரித்தான்.

"என்ன நெஞ்சழுத்தம் பாரு அவளுக்கு. துளி தயவு தாட்சண்யம் இல்ல."

"அதுல உனக்கு என்னடா பெருமை?" என்றாள் அம்மா.

சாப்பிடும்போது அவன் அந்த விதியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மென்றான். சட்டென்று மெல்வதை நிறுத்தினான்.

"ஆர்டிஸ், அது என்ன வார்த்தை? 'தன் பள்ளியில்'னா இருக்கு, 'தன் வகுப்பில்'னா?"

"தன் வகுப்பில்," என்றேன்.

"அப்படின்னா சரி," என்று இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆஸ்ட்பியின் அறையில் போய் நின்றான். பக்கத்து அறையில் வருகைப் பதிவுக்கு நான் உதவிக்கொண்டிருந்ததால் எனக்கு எல்லாமே கேட்டது.

"ஓவியத்தை விட்டுட்டு இசைக்கு மாறணும் சார்."

"பாட வருமா?"

"வராது சார்."

"வாத்தியம் ஏதாவது?"

"லாரி ஹாரன்."

"அப்புறம் எதுக்கு இசை?"

"ஓவியம் எனக்கு வரலன்னு மார்க்கே சொல்லுதே சார். வராத பாடத்துல உக்காந்து இன்னொருத்தர் இடத்தை ஏன் அடைக்கணும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆஸ்ட்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கதவு மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே நாற்காலி வேகமாக நகரும் சத்தம் கேட்டது. "நைகார்ட்," என்று கூப்பிட்டார். அதற்குள் வென்டல் மூன்றாவது தாழ்வாரத்தில் இருந்தான்.

இசை ஆசிரியர் ஃபெர்ரிஸ் மெல்லிய மனிதர். சளி பிடித்துவிடும் என்று மே மாதம்வரை கழுத்துக்குட்டையோடு இருப்பார். வென்டலைப் பியானோ அருகே நிறுத்தி ஒரு சுரத்தைத் தட்டி, அதைப் பாடச் சொன்னார். வென்டல் பாடினான். ஃபெர்ரிஸ் வேறொரு சுரத்தைத் தட்டினார். வென்டல் முதலில் பாடியதையே பாடினான். ஃபெர்ரிஸ் பியானோ மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"வாத்தியக் குழுவுல பின்னாடி நின்னுக்கோ. நான் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா மட்டும் அடி. நானா ஆட்டாம நீயா எதுவும் பண்ணாதே. புரியுதா?"

அவன் கையில் கொடுத்தது இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். அன்று இரவு அப்பா அதைக் கேட்டுவிட்டுச் செய்தித்தாளை மடித்தார். "ஜால்ரா அடிக்கறதுக்கும் சான்றிதழ் உண்டா?" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே வென்டலும் ஜெனீவாவும் மேவிஸ் காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தனியாக அல்ல, அம்மா என்னையும் அனுப்பியிருந்தாள். நான் கடை முகப்பில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சாக்லேட் பால் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காபி தேவைப்பட்டது. காபியே குடிக்காத பாதிரியாரின் மனைவிகூட வந்து கண்ணாடி ஓரமாக உட்கார்ந்தாள். அவர்கள் இருவரும் வாயைத் திறக்க முடியாமல் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மிஸ் க்வாம் உள்ளே வந்தார். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினார். சுற்றிலும் பார்த்தார். நேராக அவர்கள் மேசைக்குப் போனார்.

"நகரு," என்று ஜெனீவாவிடம் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேவிஸ், ஆப்பிள் பை. சீஸோட. நைகார்ட், நேத்து வீட்டுக் கணக்கு எங்க?"

"திங்கக்கிழமை கொண்டுவரேன் மிஸ்."

"திங்கக்கிழமை என்ன, சொர்க்கத்துலருந்தா இறங்கப் போகுது? இந்தா பென்சில். அந்தக் காகித நாப்கினை எடு. இருசமபக்க முக்கோணம் போடு. அடிக்கோணம் ரெண்டும் சமம்னு நிரூபி."

வென்டல் முக்கோணம் போட்டான். அதையே பார்த்தான். மெதுவாக ஜெனீவாவைப் பார்த்தான்.

"அங்க ஏன் பார்க்கற? அவளுக்கும் தெரியாது. இந்தக் கணக்குக்கு என் வகுப்புல உக்காந்து அழுதவ."

"மிஸ் க்வாம்," என்றாள் ஜெனீவா, முகத்தை மூடிக்கொண்டு.

"அழலையா நீ?"

"அழுதேன்."

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்து போடுங்க. நான் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள."

அவர்கள் தலையைத் தாழ்த்தி ஒரே நாப்கினில் கோடு போட்டார்கள். அவள் கோடு நேராக வந்தது. அவன் காரணம் சொன்னான். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "அப்படின்னு நீ எப்படிச் சொல்ற?" என்று அவள் கேட்டாள். "பார்த்தாலே தெரியுதே," என்றான். "பார்த்தாத் தெரியறதெல்லாம் நிரூபணம் ஆயிடுமா?" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதன் பிறகு அவர்களுக்குப் பேச்சு தடைபடவே இல்லை.

மிஸ் க்வாம் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கு அடுத்ததும் வந்தார். ஏன் மிஸ் வருகிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உன் அண்ணனை மூணாவது தடவை என் வகுப்புல வச்சுக்க எனக்கு ஆயுசு பத்தாது," என்றார்.

ஆனால் வம்பு பேசுகிறவர்களுக்கு அதோடு வாய் அடைத்துப்போயிற்று. மிஸ் க்வாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைத்துப் பார்க்க ஊரில் எவருக்கும் கற்பனை போதவில்லை. பள்ளிக் குழுத் தலைவர் கார்ல் ரூட் ஒருமுறை தானே நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேசையருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"கார்ல்," என்றார் மிஸ் க்வாம், தலையைத் தூக்காமலே. "வட்டத்தோட தொடுகோடும் ஆரமும் என்ன கோணத்துல சந்திக்கும்?"

வெண்ணெய் ஆலை முதலாளி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஆலையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மே மாதம் வசந்தகாலக் கச்சேரி வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டு ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. அந்த வருடத்தில் முதல் புழுக்கமான மாலை அது. பள்ளிக் குழு பேசியது, ஆஸ்ட்பி பேசினார், சின்னப் பிள்ளைகள் பாடினார்கள். கடைசியாக ஃபெர்ரிஸ் தானே மெட்டமைத்த நீளமான உருப்படி. அதற்காக அவர் கழுத்துக்குட்டையையே கழற்றியிருந்தார். அது மிக மெதுவாக ஆரம்பித்து, இன்னும் மெதுவாகப் போயிற்று. அப்பா தூங்கிவிட்டார். அம்மா நிகழ்ச்சித்தாளால் அவருக்கும் சேர்த்து விசிறிக்கொண்டாள்.

பின்வரிசையில் என் அண்ணன் பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, ஃபெர்ரிஸின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலை உருப்படியின் கடைசியில் ஒரே ஒருமுறை. பாதியில் எல்லா வாத்தியங்களும் அடங்கி ஓர் அமைதி வந்தது. அந்த அமைதியில் ஃபெர்ரிஸின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதை உதற அவர் தலையை ஆட்டினார்.

வென்டல் அடித்தான்.

முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கச்சேரி முடிந்துவிட்டது என்று கூடம் முழுக்க எழுந்து கைதட்டியது. அந்தப் பள்ளியில் அவ்வளவு மனம் நிறைந்த கைதட்டலை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஃபெர்ரிஸ் பிள்ளைகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த மீதித் தாள்களைப் பார்த்தார். பிறகு திரும்பித் தலைவணங்கினார். ஜனங்கள் ஐஸ்கிரீம் வைத்திருந்த மேசைக்கு ஓடினார்கள். பாதிரியார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு துணிச்சலான முடிவைத் தான் கேட்டதே இல்லை என்று பாராட்டினார்.

வென்டல் தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான். "மன்னிச்சுடுங்க சார். நீங்க தலையை ஆட்டினீங்க."

"ஆட்டினேன்," என்றார் ஃபெர்ரிஸ்.

இசையில் அவனுக்குப் பாஸ் போட்டார். ஃபெயிலாக்கினால் அடுத்த வருடமும் வருவான் என்று அவர் ஆசிரியர்கள் அறையில் சொன்னதாக ஜெனீவா பிற்பாடு சொன்னாள்.

ஜாமெட்ரிப் பரீட்சையன்று வென்டல் மூன்று பென்சில்களைச் சீவி எடுத்துப்போனான். முடிவு வந்தபோது, பாஸாவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வாங்கியிருந்தான். மிஸ் க்வாம் விடைத்தாளை அவன் முன்னால் வைத்தார்.

"இதைவிட ஒரு மார்க் குறைஞ்சிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் மிஸ்."

"வாரி வழங்கலை."

"தெரியும் மிஸ்."

அவர் கை அவன் தோள்மேல் ஒரு கணம் இருந்தது. பிறகு அடுத்த மாணவனிடம் போய் வேறு எதற்கோ திட்டினார்.

பட்டமளிப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனீவா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அம்மா புது மேசைவிரிப்பை எடுத்தாள். அப்பா வழக்கம்போலச் சாப்பாட்டில் இறங்கினார். கோழி பாதி தீர்ந்த பிறகு, "ஓவியத்துல இவனை ஃபெயிலாக்கினது நீதானே?" என்றார்.

ஜெனீவா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமாங்க."

"நல்லாப் பண்ணினம்மா," என்று சொல்லிக் குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

செப்டம்பரில் கல்லூரி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் கல்யாணம். காலையிலிருந்து மழை கொட்டியது. தேவாலயத்துக்குப் போகும் மண்சாலை கரைந்து ஓடியது. ஜெனீவாவை ஏற்றிவந்த கார் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். காரைத் தள்ளுவதற்காக எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்த வென்டல் வழுக்கி, புதுக் கோட்டோடு உட்கார்ந்தே விட்டான். அவள் ஒரு கையைக் கொடுத்து அவனைத் தூக்கினாள்.

இருவரும் தேவாலயப் படியில் வந்து நின்றபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே போய்க் கொஞ்சம் உலர்த்திக்கொண்டு ஆரம்பிக்கலாமா என்று பாதிரியார் கேட்டார்.

"இப்பவே ஆரம்பிங்க," என்றாள் ஜெனீவா. "தண்ணி தானே."